நுனியில் தொடங்கும் மரணம்

தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரியவளானால் தாய்மாமனுக்குச் சொல்லியனுப்பும் முன்பே வீட்டில் தேடப்படுவது நல்லெண்ணெய்ப் போத்தல். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன் மேல் நல்லெண்ணெயை விட்டு, "மூஞ்சியச் சுளிக்காம முழுங்கு" என்று அம்மாயி பக்கத்திலேயே நிற்பார். பிறகு உளுந்தங்களி. அதிலும் எண்ணெய் மிதக்கும். இடுப்பு எலும்பு உறுதிப்படும், நாளைக்குப் பிள்ளை பெறும்போது தாங்கும் என்பது நம்பிக்கை. பசறை, மடூல்சீமை, நமுனுகுல, ஹாலி-எல என்று ஊவாவின் எந்த லயத்தில் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். முட்டையும் எண்ணெயும் உளுந்தும் ஆண்டு முழுக்கக் கிடைக்காத வீட்டில், ஒரு பெண்பிள்ளைக்கென்றே ஒதுக்கப்படும் நல்ல சாப்பாடு அது.

1977, 78ஆம் ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சில தமிழ்ப் பிள்ளைகள் நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள். கெண்டைக்காலில் வலி, பிறகு பாதம் தொங்கிப்போவது, பிறகு கைவிரல்களிலும் பலம் குறைவது. இப்படித் திடீரென்று கால் விழுந்தால் மருத்துவர் மனதில் முதலில் வருவது இளம்பிள்ளைவாதம், அல்லது கிருமித் தொற்றுக்குப் பின் வரும் நரம்பழற்சி. ஆனால் தொற்றுநோய் இவ்வளவு நுணுக்கமாக ஆள் தெரிந்தெடுக்காது. அதே லயத்து அறையில் அதே பானைச் சோற்றைச் சாப்பிட்ட அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டு, அண்மையில் பெரியவளான பிள்ளையை மட்டும் பிடிக்கும் கிருமி எது?

பேராதனையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும், தொழில்சார் நலத்துறையில் பின்னாளில் உலகறிந்த பெயரான ஜெயரட்ணமும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது நல்லெண்ணெயில் போய் முடிந்தது. எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக்கை இளக்கவும் சேர்க்கும் பொருள். அதற்கு நிறமும் மணமும் இல்லையென்றே சொல்லலாம். எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்துவிடும். முன்பு இயந்திர எண்ணெய் வைத்திருந்த கொள்கலனில் நல்லெண்ணெயை ஏற்றி இறக்கியதில் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 1981இல் லான்செட் சஞ்சிகையில் அந்தக் குறிப்பு வெளியானது.

இந்தக் கதையைச் சிலர் சடங்கின் மேல் பழிபோட்டுச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சடங்கு செய்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போயிருக்க வேண்டிய எண்ணெயை ஒரு பிள்ளையின் வயிற்றில் நாள் தவறாமல் குவித்தது. கழுவாத பரல் அம்மாயியின் அடுப்படியில் இருந்து வரவில்லை.

இனி, அந்த இரசாயனம் கெடுத்த முண்ணாணுக்கு வருவோம். முதுகெலும்புக்குள் ஓடும் இந்த நரம்பு வடம் வளர்ந்த ஒருவருக்குச் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளம், சுண்டுவிரல் தடிப்பு. அந்தப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு உயிரோடிருந்தவர்களைப் பற்றியது. அவர்களுடைய முண்ணாணை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து எழுதியதல்ல. ஆனாலும் அவர்களுடைய முண்ணாணில் எங்கே என்ன கெட்டிருக்கும் என்று மருத்துவர்களால் விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. வேறு நாடுகளில், வேறு காலத்தில் இறந்தவர்களின் முண்ணாணையும், நிறையக் கோழிகளின் முண்ணாணையும் யாரோ பொறுமையாக வெட்டிப் பார்த்திருந்ததால்தான் அது கைகூடியது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிரேத பரிசோதனை அறையில் மூளையை எடுப்பது அன்றாட வேலை. முண்ணாணை எடுப்பது அப்படியல்ல. உடலைக் குப்புறக் கிடத்தி, முதுகுத் தசையை ஒதுக்கி, ஒவ்வொரு முள்ளென்பின் பின்வளைவையும் இரண்டு பக்கமும் அறுத்து மூடியைப் போலத் தூக்க வேண்டும். உள்ளே தடித்த உறைக்குள் வடம் கிடக்கும். பக்கவாட்டில் வெளியேறும் நரம்பு வேர்களை ஒவ்வொன்றாக வெட்டி விடுவித்து, உறையை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். வடத்தை விரலால் அழுத்திவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான சாம்பல் நிறப்பகுதி வெள்ளைப் பகுதிக்குள் பிதுங்கிப் போய்விடும். பிறகு நுணுக்குக்காட்டியில் அது ஒரு பிறவிக் கோளாறு மாதிரியே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிக் கைபட்டுக் கெட்ட வடங்களைப் பார்த்துவிட்டுப் புதுநோய் கண்டுபிடித்ததாக எழுதியவர்கள் உண்டு. வெப்ப நாட்டில் இன்னொரு சிக்கல், நேரம். உயிர் போனதும் முண்ணாண் விரைவில் இளகத் தொடங்கும். குளிரூட்டி இல்லாமல் ஒரு நாள் கிடந்த உடலின் வடத்தில் நோயால் கெட்டது எது, தானாகக் கெட்டது எது என்று பிரித்தறிவது கடினம்.

எடுத்த வடத்தைப் போமலினில் இரண்டு வாரமாவது ஊறவிட்டால் இறுகிக் கெட்டியாகும். பிறகு கழுத்து, மார்பு, இடுப்பு என்று மட்டத்துக்கு மட்டம் குறுக்கே வெட்டி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குக்கும் மெல்லிய சீவல்களாக அரிவார்கள். சாயம் ஏற்றாத சீவலில் பார்க்க ஒன்றுமில்லை. எந்தச் சாயம் என்பதில்தான் விஷயம். வைகேட் கண்டுபிடித்த சாயம் நரம்பு நாரைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைக் கரும்நீலமாக்கும். நார் செத்து உறை அழிந்த இடம் வெளிறித் தெரியும். 1885இல் இத்தாலியரான மார்க்கி கண்டுபிடித்த ஒஸ்மியம் முறையோ நேர்மாறு. அதில் நல்ல நார் வெளிறிக் கிடக்கும். அண்மையில் செத்து உடைந்த உறையின் கொழுப்புத் துணுக்குகள் மட்டும் மிளகைத் தூவினாற்போல் கறுத்து நிற்கும். சேதம் நடந்து சில வாரங்களுக்குள் பார்க்க மார்க்கி, மாதங்கள் கழிந்து துப்புரவாகிப்போன இடத்தைப் பார்க்க வைகேட். ஒரே வடத்தில் இரண்டையும் ஏற்றிப் பார்த்தால், எது எப்போது செத்தது என்ற காலக்கணக்கும் கிடைக்கும்.

முண்ணாண் ஓர் ஆற்றைப் போல் ஒரே திசையில் ஓடுவதல்ல. அதன் முதுகுப்பக்க வெள்ளைப் பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி, பாதத்தின் உணர்வைச் சுமந்து மூளையை நோக்கி ஏறும் நார்க்கட்டு இருக்கிறது. பக்கவாட்டில், மூளையின் கட்டளையைச் சுமந்து கால் தசைகளை நோக்கி இறங்கும் நார்க்கட்டு. 1850இல் ஒகஸ்டஸ் வோலர் ஓர் உண்மையைக் காட்டினார்: நாரை வெட்டினால், தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்த துண்டு செத்துவிடும், கலத்தோடு ஒட்டிய துண்டு பிழைக்கும். ஆகவே மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்தவர் சில மாதம் கழித்து இறந்தால், அவருடைய வடத்தில் முறிவுக்கு மேலே ஏறும் கட்டுகள் வெளிறியிருக்கும், முறிவுக்குக் கீழே இறங்கும் கட்டுகள் வெளிறியிருக்கும். முறிந்த இடத்தை மறைத்துவிட்டு மற்றச் சீவல்களை மட்டும் கையில் கொடுத்தாலும், பழகிய ஒருவர் முறிவு எந்த மட்டத்தில் என்று சொல்லிவிடுவார்.

ட்ரைகிரெசில் பொஸ்பேட் இந்தக் கணக்கைக் குழப்பியது. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்குக் காலம். மருந்துக்கடையில் கிடைத்த இஞ்சிச் சாராயத்தைக் குடித்த பல்லாயிரம் பேருக்குக் கால் விழுந்தது. இஞ்சிச் சாறு போதிய அளவு இருக்கிறதா என்று அரசு செய்யும் சோதனையை ஏமாற்ற, பொஸ்ரன் நகர வியாபாரிகள் இருவர் இதே இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். ஆய்வாளர்களான மோரிஸ் ஸ்மித்தும் எலியாஸ் எல்வோவும் சில மாதங்களில் அதைக் கண்டறிந்தனர். இறந்தவர்கள் சிலரின் நரம்புகளையும் முண்ணாணையும் அப்போதே வெட்டிப் பார்த்தார்கள். ஆனால் முதலில் எல்லோர் கண்ணும் போனது காலுக்குப் போகும் புற நரம்பின் மேல்தான். தொங்கும் பாதத்துக்கு அதுவே போதிய விளக்கமாக இருந்தது.

முண்ணாணின் கதையைத் தெளிவாக்கியவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் கவனா. அவர் 1954இல் வெளியிட்டது கோழிகளைப் பற்றிய ஆய்வு. எலிக்கு இந்த நஞ்சு மனிதரைப் போல் எளிதில் ஏறாது, கோழிக்கு ஏறும். நஞ்சை விழுங்கிய கோழி முதலில் ஒன்றும் நடக்காதது மாதிரிக் கொத்தித் தின்றுகொண்டிருக்கும். பத்து நாள், இரண்டு வாரம் போனதும் நடை தள்ளாடும், பிறகு காலை மடித்துக் குந்திவிடும். கவனா அந்தக் கோழிகளின் வடத்தை மட்டத்துக்கு மட்டம் சீவி, மார்க்கி முறையில் சாயம் ஏற்றினார். கறுப்புப் புள்ளிகள் இரண்டு இடங்களில், நேரெதிர் முனைகளில் நின்றன. ஏறும் கட்டு கழுத்தில் கெட்டிருந்தது, இடுப்பில் நன்றாக இருந்தது. இறங்கும் கட்டு இடுப்புப் பக்கம் கெட்டிருந்தது, கழுத்தில் நன்றாக இருந்தது. நடுவில் முறிவு இல்லை, நசிவு இல்லை, இரத்தக்கசிவு இல்லை.

ஒரே வடத்தின் இரண்டு முனைகள் மட்டும் ஏன் கெட வேண்டும்? நார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால் புரியும். ஏறும் நாரின் கடைசி நுனி கழுத்துக்கு மேலே. இறங்கும் நாரின் கடைசி நுனி இடுப்பில். நஞ்சு தாக்குவது வடத்தின் ஓர் இடத்தை அல்ல, மிக நீண்ட, தடித்த நார்களின் நுனியை. மலையுச்சி லயத்துக்குக் குழாயில் தண்ணீர் விடும் தோட்டத்தில், ஊற்றுப் பக்கம் ஏதோ குறைந்தால் முதலில் காய்வது கடைசிப் பீலிதானே. நரம்புக் கலமும் அப்படித்தான். தன் உடலிலிருந்து புரதங்களையும் கொழுப்புகளையும் நார் வழியே அனுப்பித்தான் அது நுனியை வாழவைக்கிறது. பாதத்தின் உணர்வைக் கொண்டுவரும் கலம் இடுப்புக்குக் கிட்ட முள்ளென்பின் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கிளை கீழே கால் பெருவிரல் வரை, மற்றக் கிளை மேலே மூளையின் அடிவரை. ஒரே கலத்துக்கு இரண்டு தொலைதூர நுனிகள். நஞ்சில் இரண்டும் சாகின்றன, நடுவில் இருக்கும் கலம் உயிரோடு நிற்கிறது.

உடலுக்கு வெளியே தெரிகிற வேறுபாடு இனித்தான் வருகிறது. செத்த நுனி மீண்டும் வளருமா? காலுக்குப் போகும் புற நரம்பில் வளரும், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில். முண்ணாணுக்குள் வளராது. அங்கே உடைந்த உறையைத் துப்புரவாக்கவே மாதக்கணக்காகும். அதன்பின் அந்த இடத்தைத் தாங்குகலங்கள் தழும்பாக நிரப்பிவிடும்.

இதை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பிள்ளையின் கட்டிலுக்கு வருவோம். முதல் வாரங்களில் புற நரம்பு செத்துக் கால் தொளதொளத்துக் கிடக்கிறது. சுத்தியலால் தட்டினால் தெறிப்பு இல்லை. மூளையிலிருந்து இறங்கும் கட்டும் அதே வேளையில் இடுப்பில் கெட்டிருக்கிறது. ஆனால் அது வெளியே தெரியாது. இறங்கும் கட்டு கெட்டால் கால் விறைக்க வேண்டும், தெறிப்பு மிகையாக வேண்டும். விறைக்கத் தசைக்கு நரம்பு வேண்டுமே! அந்த நரம்பே கெட்டுக் கிடக்கையில் முண்ணாணின் சேதம் மறைந்து நிற்கிறது. மாதங்கள் போகப் போகப் புற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வளரும். பலம் வருகிறது என்று வீட்டார் மகிழும் அந்த நேரத்தில்தான் விறைப்பும் எழுந்துவருகிறது. முழங்காலில் தட்டினால் கால் துள்ளும். குதிக்காலில் தட்டினால் அசைவே இருக்காது. ஏனென்றால் குதிக்கால் நரம்பு இன்னும் நீளம், இன்னும் தாமதம். உள்ளங்காலில் சாவியால் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழும். 1896இல் பபின்ஸ்கி விவரித்த இந்த அடையாளம் சொல்வது, இறங்கும் கட்டு கெட்டிருக்கிறது என்பதை.

சேனாநாயக்க அந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். இந்த ஆய்வின் உண்மையான மதிப்பு அதில்தான் என்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி அனுப்பிய அன்றோடு கோப்பை மூடியிருந்தால், இது புற நரம்பு நோய், போகப் போகச் சரியாகிவிடும் என்றே எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் அப்படித்தான் முதலில் நம்பினார்கள். 1978இல், இஞ்சிச் சாராயம் குடித்து 47 ஆண்டுகள் கழிந்தும் உயிரோடிருந்த சிலரை மோர்கனும் பெனோவிச்சும் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, புற நரம்பு பெரும்பாலும் தேறியிருந்தது. அவர்களை முடமாக்கி வைத்திருந்தது முண்ணாண் சேதத்தால் வந்த விறைப்பு. சமதரையில் அது ஊன்றுகோலோடு சமாளிக்கக்கூடிய குறை. கொழுந்துக்கூடையோடு செங்குத்தான மலையில் வரிசை பிடித்து ஏற வேண்டிய பெண்ணுக்கு, லயத்துப் படிகளில் தண்ணீர்க் குடத்தோடு இறங்க வேண்டியவளுக்கு, விறைத்த கால் என்றால் அன்றைய சம்பளத்துக்கான பேரும் இல்லை, கைக்காசும் இல்லை.

உலகில் இது ஒரு தடவை மட்டும் நடந்ததும் அல்ல. 1937இல் டர்பனில் பழைய பரலில் வைத்த சமையல் எண்ணெய். 1940இல் இயந்திரத் துப்பாக்கி எண்ணெயில் சமைத்துத் தின்ற சுமார் 80 சுவிஸ் சிப்பாய்கள். 1959இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெய் கலந்து விற்ற சமையல் எண்ணெயால் சுமார் பத்தாயிரம் பேர். நம் பிள்ளைகளுக்குப் பத்தாண்டு கழித்து 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் மீண்டும் சமையல் எண்ணெய். விற்பவனுக்கு எண்ணெய் மாதிரித் தெரிவது உடலுக்குள் போன பிறகும் இரண்டு வாரம் எண்ணெயாகவே நடிக்கிறது. அதற்குள் போத்தல் காலியாகிவிடும், கடைக்காரர் அடுத்த பரலைத் திறந்திருப்பார்.

அந்த இரண்டு வாரத் தாமதம் ஏன் என்ற கேள்வியை இங்கிலாந்தின் காஷோல்ட்டனில் மார்ட்டின் ஜோன்சன் எடுத்துக்கொண்டார். 1969இல் அவர் நரம்பில் ஒரு நொதியத்தை இனங்கண்டார். நஞ்சு சில மணிநேரத்திலேயே அதனோடு ஒட்டிக்கொள்கிறது. நொதியத்தின் 70 சதவீதத்துக்கு மேல் முடங்கி, ஒட்டிய நஞ்சு பிரிக்க முடியாதபடி மாறிவிட்டால், நுனிகளின் சாவு முடிவாகிவிடுகிறது. ஆள் அறிய மட்டும்தான் இரண்டு வாரம். பூச்சிமருந்தாகப் பயன்படும் ஒர்கனோபொஸ்பேட்டுகள் சிலவும் இதே நொதியத்தைத் தாக்கும். ஆகவே இந்த வகைப் புதிய பூச்சிமருந்துகளை அனுமதிக்கும் முன் இன்றும் கோழிக்குக் கொடுத்து, நடையைக் கவனித்து, பிறகு அதன் முண்ணாணைச் சீவிப் பார்க்கிறார்கள்.

காஷோல்ட்டனும் பேராதனையும் பின்னர் ஒரே கட்டுரையில் சந்தித்தன. மெதமிடோபொஸ் என்ற பூச்சிமருந்தை விழுங்கி உயிர்தப்பிய இலங்கையர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் விழுந்ததை, சேனாநாயக்கவும் ஜோன்சனும் 1982இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். 1987இல் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் இதே வகை நஞ்சுகளின் இன்னொரு முகத்தைக் காட்டினார்கள்: முதல் ஆபத்தைத் தாண்டியவர் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் ஓய்ந்து விழுவது. மணிக்கணக்கில் ஒன்று, நாள்கணக்கில் ஒன்று, வாரக்கணக்கில் ஒன்று என்று மூன்று தவணை. மெதமிடோபொஸ் 1995இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது.

ஊவாவில் இது ஏட்டுப் பாடம் அல்ல. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் மருந்தடிக்காத வாரம் அரிது. லயத்து அறைகளில் மருந்துப் போத்தல் எட்டும் தூரத்தில் இருந்த காலமும் ஒன்றிருந்தது. மருந்து குடித்து இறந்தவரின் உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். இரைப்பையும் இரத்தமும் ஈரலும் பகுப்பாய்வுக்குப் போகும். முதுகைத் திறப்பதில்லை, மரணத்தின் காரணம் சொல்ல அது தேவையும் இல்லை. ஒரு வாரத்துக்குள் இறந்தவரின் வடத்தில் மார்க்கி முறைக்கும் பெரிதாக ஒன்றும் அகப்படாது. அகப்படக்கூடியது, பிழைத்துப்போய் விறைத்த காலோடு நாற்பது ஆண்டு வாழ்ந்தவரிடம். அவர் கடைசியில் சாவது சலரோகத்தாலோ மாரடைப்பாலோ. தப்பு அடித்து மறுநாளே தோட்டத்து மயானத்தில் புதைத்துவிடுவார்கள். அவர் முதுகைத் திறந்து பார்க்கக் கேட்பவரும் இல்லை, கேட்டால் கொடுக்கும் மனமும் துக்க வீட்டில் இராது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஜோன்சனின் நொதியத்தை ஆக்கும் மரபணு பின்னர் கண்டறியப்பட்டது. 2008இல் இன்னொரு செய்தி வந்தது. சிறுவயதிலிருந்தே மெல்ல மெல்லக் கால் விறைத்து, பிறகு பாதத் தசையும் மெலிந்த சிலருக்குப் பரம்பரையாகவே அந்த மரபணுவில் பிழை இருந்தது. அவர்கள் எந்தப் பரல் எண்ணெயையும் தொட்டதில்லை. நொதியம் சரிவர வேலை செய்யாததே போதுமாக இருந்தது. அவர்களுக்கும் முதலில் சோர்ந்தவை முண்ணாணில் இறங்கும் நீண்ட நார்களும் பாதத்துக்குப் போகும் நீண்ட நார்களும்தான். தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஒருசில வாரத்தில் நடந்தது இவர்களிடம் ஆண்டுக்கணக்கில், முதலில் தொய்வு இல்லாமல் நேரே விறைப்பாகவே நடந்தது.